பட்டன் அக்கார்டியன்: தனியா வாசிச்சா சரி, செஷன்ல சேரமாட்டேங்குது. உதவி தேவை

செல்வி_கிளேர்: அவசரம்ங்க. சனிக்கிழமை எனிஸ்ல (அயர்லாந்து, கிளேர்) ஒரு செஷன் இருக்கு, அதாவது எல்லாரும் கூடி ஐரிஷ் நாட்டுப்புற இசை வாசிக்கிறது. செகண்ட்ஹேண்ட்ல ரெண்டு வரிசை பட்டன் பெட்டி (அக்கார்டியன்) வாங்கி, வீடியோ பாடம் பார்த்து ரீல்ங்கிற ஆட்ட மெட்டு பழகினேன். வீட்ல தனியா வாசிச்சா சுத்தமா கேக்குது. ஃபிடில், ஃப்ளூட்டோட சேர்ந்தா மொத்தமும் தப்பு. ரீட் (உள்ளே சத்தம் தர்ற உலோக நாக்கு) போயிடுச்சா?

மூர்த்தி: எந்த ட்யூனிங்?

ஆர்மோனியம் பாலு: ரீட்ல தூசு படிஞ்சிருக்கும். பின்னாடி திறந்து மெல்லிசான தூரிகையால தட்டி விடுங்க. எங்க வீட்டு ஆர்மோனியத்துக்கு அதான் மருந்து.

யாழ்_கோர்க்: பி/சி பெட்டியோ, சி ஷார்ப்/டி பெட்டியோ எண்டு சொல்லேல்லையே. வெளிவரிசை பி, உள்வரிசை சி எண்டா பி/சி; மற்றதும் அப்பிடித்தான். வீடியோவில படிப்பிக்கிறவர் எதை வச்சிருக்கிறார்?

டப்ளின் ரவி: வெட் ட்யூனிங்கா இருக்கும். ஒரு சுரத்துக்கு ரெண்டு ரீட். ஒண்ணு 440 ஹெர்ட்ஸ்லயும் இன்னொண்ணு 445லயும் இருந்தா நொடிக்கு 5 தடவை அலையும். ஃபிடிலோட சேராது. ரெண்டு ரீடும் ஒரே சுருதியில இருக்கிற மாதிரி, டிரையா மாத்தச் சொல்லுங்க.

பழைய துருத்தி: இதே கேள்வி இங்க எத்தனை தடவை வந்தாச்சு. வாங்குறதுக்கு முன்னாடி தேடிப் படிச்சிருக்கலாம். ரவி, அலை வேற, சுருதி வேற. அலையால மொத்தப் பாட்டும் தப்பாகாது. பாலு, தூசு ஒண்ணு ரெண்டு ரீடைத்தான் கெடுக்கும், எல்லாத்தையுமா? செல்வி, முதல்ல விவரம் சொல்லுங்க.

செல்வி_கிளேர்: கறுப்புப் பெட்டி, 21 பட்டன். கடைக்காரர் "ஐரிஷ் ட்யூனிங்"னு மட்டும் சொன்னார். வீடியோவுல பி/சின்னு போட்டிருக்கு.

மூர்த்தி: ஃபோன்ல ட்யூனர் ஆப் இருக்குமே. இந்தப் பெட்டியில ஒரே பட்டன் துருத்தியை அழுத்தினா ஒரு சுரம், இழுத்தா வேற சுரம். உள்வரிசையில (துருத்திப் பக்கம் இருக்கிறது), நடுப் பட்டன்களை மட்டும், துருத்தியை உள்ளே அழுத்தியபடி ஒவ்வொண்ணா தட்டிப் பாருங்க. சி, ஈ, ஜி மட்டும் வந்தா பி/சி. டி, எஃப் ஷார்ப், ஏ வந்தா சி ஷார்ப்/டி.

டப்ளின் ரவி: எதுவா இருந்தாலும் பி/சிக்கு மாறிடுங்க. டிப்பரரி அக்கார்டியன்காரர் பேடி ஓ'பிரையன் 1950கள்ல அதுல காட்டின வழிதான் அப்புறம் ஜோ பர்க் வரைக்கும் வந்துச்சு. ஷாரன் ஷானனும் பி/சிதான்.

யாழ்_கோர்க்: ஜாக்கி டேலி சி ஷார்ப்/டியில வாசிக்கிற போல்கா ஆட்ட மெட்டைக் கேட்டனீங்களோ? ஷ்லீவ் லூக்ரா (கோர்க், கெர்ரி எல்லைப் பக்கம்) ஆட்டத்துக்கு அந்த அழுத்தி இழுக்கிற துள்ளல்தான் உயிர். கோல்வே ஜோ கூலியின்ர கை அப்பிடித்தான்.

டப்ளின் ரவி: துள்ளல் சரி, ரோல் (ஒரு சுரத்தைச் சுத்தி வேகமா வர்ற அலங்காரம்) ஓடணுமே. பி/சியில ஏ, பி, சி ஷார்ப், டி நாலும் ஒரே இழுப்புல வரும்.

யாழ்_கோர்க்: அதுக்கு வரிசை தாவவேணும். ஆடுறவைக்கு வழுக்கிற இசை காணாது.

பழைய துருத்தி: ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்கோங்க.

செல்வி_கிளேர்: பார்த்துட்டேன். டி, எஃப் ஷார்ப், ஏ.

மூர்த்தி: அப்ப ரீட்ல ஒரு குறையும் இல்லை. ரெண்டு பெட்டியிலயும் பட்டன் அமைப்பு ஒண்ணேதான், ஆனா உங்களுது ஒரு முழு சுரம் மேல. பி/சி விரலை வெச்சு டி மேஜர் வாசிச்சா ஈ மேஜர் கேக்கும். தனியா வாசிக்கிறப்ப அது தெரியவே தெரியாது. வீடியோவை விடுங்க. உள்வரிசையிலயே முழு டி ஸ்கேல் இருக்கு: டி அழுத்தி, ஈ இழுத்து, எஃப் ஷார்ப் அழுத்தி, ஜி இழுத்து, ஏ அழுத்தி, பியும் சி ஷார்ப்பும் இழுத்து, மேல் டி அழுத்தி. பி, சி ஷார்ப் கிட்ட மட்டும் ரெண்டு இழுப்பு சேர்ந்து வரும், அங்கதான் கை தடுமாறும். ரெண்டு நாள் இதை மட்டும் ஓட்டுங்க. பெட்டியை மாத்த வேண்டாம், டி பாட்டுக்கு இது அருமையான பெட்டி.

ஆர்மோனியம் பாலு: இருந்தாலும் ஒருதரம் திறந்து பார்த்துடுங்க.

செல்வி_கிளேர்: நன்றி மூர்த்தி அண்ணா. சனிக்கிழமை ஒரு போல்கா மட்டும் வாசிச்சேன், ஃபிடிலோட சேர்ந்துச்சு. ஜி மேஜர் ரீலுக்கு சி நேச்சுரல் வேணும், உள்வரிசையில காணோம்.

மூர்த்தி: வெளிவரிசையில இருக்கு, இழுங்க.