இவருக்குப் பதில் இவர்: திரும்பி வந்த தொடர்கள், உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

கோவில்பட்டிக்காரி:

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதுதான் 'எதிர்நீச்சல்' சீரியலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்துவிட்டார் என்று ஃபோனில் செய்தி வந்தது. டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு. சொன்னதும் அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை வருஷமாக ராத்திரி ஒன்பதரை ஆனால் அந்த ஆதி குணசேகரனைப் பார்த்து "இவனுக்கு ஒரு சாவு வரலையே" என்று திட்டித் தீர்த்தவர் அவர். "நான் வாய் வச்சது பலிச்சிருச்சோ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். சாயங்காலம் விளக்கேற்றும்போது அந்த மனிதருக்கும் சேர்த்துக் கும்பிட்டார்.

கொஞ்ச நாளில் அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அம்மா முதல் நாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மீசை நல்லாத்தான் இருக்கு. ஆனா இவரைத் திட்ட வாய் வரமாட்டேங்குது" என்றார். அதெல்லாம் ஒரு வாரம்தான். எட்டாம் நாள் பழைய வசவு அத்தனையும் திரும்பிவிட்டது, மீசைக்கென்று புதிதாக இரண்டு வேறு.

'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து வந்தால் ஊரே கிண்டல் செய்கிறது. என் வீட்டில் ஆள் மாறுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கதாபாத்திரத்தின் குணம் மாறினால்தான் எழுந்து போய்விடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானா என்று கேட்கத்தான் இந்தத் திரி.

முதலில் 'சித்தி'. 1999 கடைசியில் தொடங்கியபோது எங்கள் தெருவில் கேபிள் இருந்த வீடுகள் கம்மி. எதிர்வீட்டுத் திண்ணை வரைக்கும் ஆள் உட்கார்ந்து பார்த்த தொடர் அது. 2020 ஜனவரியில் 'சித்தி 2' என்றதும் அம்மா அன்றைக்கு மாவு ஆட்டுவதைக்கூட மத்தியானமே முடித்துவிட்டார். ராதிகா வந்தார், பழைய கதையின் தொடர்ச்சி வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு "பேரை மட்டும் கடன் வாங்கிட்டு வந்திருக்காங்க" என்றார். அப்புறம் ஊரடங்கு. அடுத்த வருஷம் ராதிகாவும் விலகிவிட்டார். சித்தி போன பிறகும் 'சித்தி' ஓடிக்கொண்டிருந்தது, 2022 வரைக்கும். இதை யாரிடம் சொல்லி அழ?

அதே ஊரடங்கில் சன் டிவி 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டது. என்னைக் கேட்டால் திரும்பி வந்ததிலேயே உருப்படியானது அதுதான். காரணம், யாரும் அதை மாற்றி எழுதவில்லை. ஆனால் பார்த்த நாங்கள் மாறியிருந்தோம். 2002-இல் முதல் தடவை ஓடும்போது அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. டெல்லி குமார் நடித்த அந்த அப்பா சிதம்பரம் எங்களுக்கெல்லாம் தெய்வம். இந்த முறை அக்கா தன் இரண்டு பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எத்தனை தடவைதான் பொறுத்துப் போ, பொறுத்துப் போன்னு சொல்லுவார் இந்த மனுஷன்? ஒரு ஆட்டோ பிடிச்சுப் போய் மகளைக் கூட்டிட்டு வர வேண்டியதுதானே" என்று எழுந்துவிட்டாள். அம்மா எதுவும் சொல்லவில்லை. பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவர் உரித்த தோலையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டில் எத்தனை தடவை 'பொறுத்துப் போ' சொல்லப்பட்டது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

ஷார்ஜா நைட் ஷிஃப்ட்:

எங்களுக்கு ஒன்பதரை சீரியல் எட்டு மணிக்கே வந்துவிடும், ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம் அல்லவா. ஒரு அறையில் ஆறு பேர், ஒரு டிவி. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' பார்த்தது முழுக்க இங்கேதான். குன்றக்குடியில் ஒரு மளிகைக்கடை, நாலு அண்ணன் தம்பி, ஒரே வீடு. ஊரில் பாகப்பிரிவினை முடிந்து ஆளுக்கொரு பக்கம் போனவர்கள்தான் எங்கள் அறையில் அதிகம், அதனால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

ஒரு நாள் பக்கத்துக் கட்டில் கண்ணூர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "இது எங்க சீரியலாச்சே" என்றார். ஏஷ்யாநெட்டில் 'சாந்த்வனம்' என்று ஓடுகிறதாம். தமிழிலிருந்து போனதுதான் அது என்று நிரூபிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. அதற்கப்புறம் போட்டி வைத்துப் பார்த்தோம். அவர்கள் அண்ணன் நல்லவனா, நம் மூர்த்தி நல்லவனா என்று சோறு ஆறிப்போகும் வரை சண்டை.

ஆள் மாறுவது பற்றிக் கேட்டீர்கள். முல்லையாக மூன்று பேர் வந்தார்கள். முதல் முல்லையாக நடித்த சித்ரா இறந்த செய்தி வந்த டிசம்பரில் எங்கள் அறையில் இரண்டு நாள் டிவியே போடவில்லை. பிறகு காவ்யா வந்தபோது யாரும் குறை சொல்லவில்லை, அந்தப் பெண் என்ன செய்வாள் என்றுதான் பேசிக்கொண்டோம். அடுத்து லாவண்யா. அதுவும் பழகிவிட்டது. எனக்குப் பழகாதது ஒன்றே ஒன்றுதான். 2023 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை முதல் பாகத்தை முடித்துவிட்டுத் திங்கட்கிழமையே இரண்டாம் பாகத்தைத் தொடங்கினார்கள். மூர்த்தியாக நடித்த அதே ஸ்டாலின், ஆனால் இப்போது மூன்று பையன்களுக்கும் இரண்டு பெண்களுக்கும் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தம்பிகளை எல்லாம் மறந்துவிட்டு எப்படி ஐயா வர முடியும்? துக்கம் அனுசரிக்கவாவது ஒரு வாரம் விட்டிருக்கலாம். ஆனாலும் பார்க்கிறேன். அவர் மனைவியாக வரும் நிரோஷாவுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளசரவாக்கம் மாடிப்படி:

குணம் ஏன் மாறுகிறது என்று நான் சொல்கிறேன், நேரில் பார்த்தவன். எங்கள் பெரியப்பா தன் வீட்டை ஒரு தொடரின் ஷூட்டிங்குக்கு எட்டு மாசம் வாடகைக்கு விட்டிருந்தார். தொடரின் பேர் வேண்டாம். லீவு நாளெல்லாம் நான் மாடிப்படியில்தான் இருப்பேன்.

வசனம் அங்கே யாருக்கும் மனப்பாடம் கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் நின்று ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிப்பார். அதைக் காதில் வாங்கி நடிகர் முகபாவத்தோடு திருப்பிச் சொல்வார். குரலெல்லாம் பிறகு டப்பிங்கில். நம் ஆட்கள் ஒரு வரி பேசிவிட்டு ஒரு நொடி எங்கோ வெறிப்பார்களே, அதை நான் ரொம்ப நாள் ஆழ்ந்த சோகம் என்று நினைத்திருந்தேன். அடுத்த வரிக்குக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மாமியாராக நடித்த அம்மாவுக்கு எங்கள் பெரியம்மா வைக்கும் மிளகு ரசம் பிடிக்கும். டம்ளரில் வாங்கி வைத்துக்கொண்டுதான் அன்றைய சீன் பேப்பரைப் படிப்பார். சீன் பேப்பர் பெரும்பாலும் அன்று காலையில்தான் வரும். ஒரு வெள்ளிக்கிழமை படித்துவிட்டு, "நேத்து வரைக்கும் நல்லவளா இருந்தேன் அக்கா, இன்னைக்கு மருமக பால்ல என்னத்தையோ கலக்கச் சொல்றாங்க" என்று சிரித்தார். முந்தின நாள் வியாழக்கிழமை, ரேட்டிங் வரும் நாள். மெயின் கதை சரிந்திருக்கிறது, அதனால் அந்த அம்மா கெட்டவராகிவிட்டார். ரசத்தைக் குடித்து முடித்து டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போய்ப் பாலில் கலந்தார்.

எட்டே எபிசோட்:

நான் வேறு கட்சி. வாரம் ஆறு நாள் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. 2022-இல் 'சுழல்' வெப் சீரிஸின் முதல் சீசனை ஒரே ராத்திரியில் பார்த்தேன், மயானக் கொள்ளை ஊர்வலத்தோடு கதை பின்னிக்கொண்டு போன விதம் அப்படி. 2025 பிப்ரவரியில் இரண்டாவது வந்தது. புது ஊர், அஷ்டகாளித் திருவிழா, கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் அதே ஆட்கள். ஆள் மாறவில்லை, குணமும் மாறவில்லை, ஆனால் முதல் தடவை தூக்கம் போனது, இந்தத் தடவை நடுவில் எழுந்து தோசை சுட்டேன். முதலில் திருவிழா கதைக்குள் இருந்தது, இப்போது கதை திருவிழாவுக்குப் பின்னால் ஓடுகிறது. அதனால் கோவில்பட்டி அக்கா சொல்வதை முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிக் பாஸுக்கு மட்டும் உங்கள் விதி பொருந்தும். எட்டாவது சீசனில் கமலுக்குப் பதில் விஜய் சேதுபதி வந்தார். எங்கள் ஹாஸ்டலில் முதல் வாரம் முனகல், மூன்றாவது வாரம் யாருக்கும் நினைவில்லை.

கோவில்பட்டிக்காரி:

வளசரவாக்கம் தம்பி, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பால் சமாச்சாரத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார். வெறித்துப் பார்க்கிற விஷயத்தை மட்டும் நம்ப மறுக்கிறார்.

'சுழல்' தம்பிக்கு: சரிதான், நான் வீட்டுக்கதைகளை மட்டும் வைத்துப் பேசிவிட்டேன். தினமும் வருகிற தொடரில் கதை என்பதே மெல்லிசாகத்தான் இருக்கும், அந்த மனுஷங்களுக்காகத்தான் உட்காருகிறோம். 'சிறகடிக்க ஆசை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ரோகிணி மறைத்து வைத்த விஷயம் இன்றைக்கு உடையும் நாளைக்கு உடையும் என்று எத்தனை புரோமோ போட்டார்கள்! இழுவைதான். ஆனால் டிரைவர் முத்து டிரைவர் முத்துவாகவே இருக்கிறான், பூக்கட்டுகிற மீனா திடீரென்று ஊமையாகிவிடவில்லை. அதனால் அம்மா மன்னித்துவிடுகிறார்.

'எதிர்நீச்சல்' 2024 ஜூனில் முடிந்தபோது பாதியில் அறுத்த மாதிரி இருந்தது. டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று வந்தார்கள். ஜனனி வேஷத்தில் மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. அம்மா முதல் நாள் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த வீட்டுப் பொம்பளைங்க இன்னும் அவனை எதிர்த்துப் பேசுறாங்களா, இல்ல மறுபடி முக்காடு போட்டு உட்கார வச்சுட்டாங்களா?" பேசுகிறார்கள் என்றேன். "அப்போ சரி, வை" என்றார்.

மணி ஒன்பது இருபத்தைந்து. ராத்திரி மாத்திரையை முதல் விளம்பரத்தில்தான் போடுவார், போய் எடுத்து வைக்கிறேன். பாக்கியை நாளைக்கு எழுதுகிறேன்.