மண்ணெண்ணெய் குடித்த ஏ40 பிக்கப்: எஞ்சினைக் கழற்றி எறிவதா?

கொக்குவில் பழசு:
நேற்று இங்கே "ரொறன்ரோ ரயர்" என்ற பெயரில் ஒருவர் தீர்ப்பு வழங்கிவிட்டுப் போயிருக்கிறார். "யாழ்ப்பாணத்தில் மிஞ்சியிருக்கும் ஒஸ்ரின் பிக்கப்புகள் மண்ணெண்ணெய் குடித்துச் செத்தவை. அந்த எஞ்சின்களைத் திருத்துவது காசைக் கரியாக்கும் வேலை. கழற்றி எறிந்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டுங்கள்" என்கிறார். வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஒஸ்ரின் ஏ40 பிக்கப் 1951ஆம் ஆண்டு வண்டி. 1200 சீசீ, நாற்பது குதிரைவலு. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபின், காபரேற்றரின் வாயில் ஊசியால் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றியது அது. பிரசவ வலியோடு இருந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அது. 1995 ஒக்ரோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது சாவகச்சேரிப் பக்கம் போனதும் அதே எஞ்சின்தான். செத்த எஞ்சினா இத்தனையும் செய்தது?

ரொறன்ரோ ரயர்:
ஐயா, வண்டியின் சேவையை யாரும் மறுக்கவில்லை. நான் சொன்னது இரும்பைப் பற்றி. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துப் போகும். நீர்த்த ஒயிலில் ஓடிய பெயரிங் என்ன கதிக்கு ஆளாகும் என்று எந்தப் பட்டறையிலும் கேளுங்கள்.

கொக்குவில் பழசு:
எங்கள் ஒயிலில் மண்ணெண்ணெய் கலக்கவில்லை.

ரொறன்ரோ ரயர்:
கலக்காமல் இருக்க முடியாது.

கொக்குவில் பழசு:
தம்பி, அந்த வண்டியின் பானெற்றை நீர் எப்போது திறந்து பார்த்தீர்? காலையில் ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை, டிப்ஸ்ரிக்கை, உருவி, ஒயிலை விரல்களுக்கு நடுவில் தேய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நாங்கள் வண்டியை வெளியே எடுப்போம். மட்டக் கோட்டுக்கு மேலே ஒயில் ஏறியிருந்தாலோ, விரலில் வழுக்கல் குறைந்திருந்தாலோ, மாற்றிவிடுவோம். இதையெல்லாம் காணொளியில் சொல்லித்தர மாட்டார்கள்.

ரொறன்ரோ ரயர்:
மட்டக் கோட்டுக்கு மேலே ஒயில் தானாக ஏறுமா, ஐயா? ஏறியது எது? கிணற்றுத் தண்ணீரா? உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

இணுவில் ஸ்பானர்:
அப்படிப் போடும், தம்பி!

கொக்குவில் பழசு:
"ஏறியிருந்தால்" என்றுதான் எழுதினேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது விளங்கும். இணுவில் ஸ்பானர் கைதட்ட முதல், என்னிடம் இரவல் வாங்கிய, பழைய ஆங்கிலேய அளவில் செய்த விற்வேர்த் ஸ்பானர் தொகுதியைக் கொண்டுவந்து தரட்டும்.

மானிப்பாய் மைனர்:
நடுவில் நானும் ஒரு வார்த்தை. எல்லோரும் ஏ40, ஏ40 என்கிறீர்கள். மொறிஸ் மைனர் பிக்கப் என்று ஒன்று 1953இலிருந்து வந்ததே, அதை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை? மைனர் காருக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, ஆனால் பிக்கப்புக்கு உண்டு. பெட்டி உக்கினாலும் கழற்றி எடுத்து, சேஸிஸைச் சுரண்டிப் பூச்சடித்து மறுபடி ஏற்றலாம். திருத்தி எடுப்பதற்கு அதைப்போல இலகுவான வண்டி வேறில்லை. என்னுடையது 948 சீசீ. அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது, ஆனால் நான் பெருமையடிப்பதில்லை.

கொக்குவில் பழசு:
மைனர் பிக்கப்பில் இரண்டு மூட்டை வெங்காயம் ஏற்றினால் முன்சில்லு வானத்தைப் பார்க்கும். விடயத்துக்கு வருவோம்.

தம்பி ரயர், வேர்கசன் ரைக்ரரைக் கண்டிருக்கிறீரா? ரீஈடி20 என்ற அதன் வகையைக் கொம்பனியே மண்ணெண்ணெய்க்கென்று செய்து விற்றது. உமது கணக்கின்படி அவை எல்லாம் வயலிலேயே செத்திருக்க வேண்டும். ஏ40இன் அழுத்த விகிதமும் குறைவு, ஏழுக்குக் கொஞ்சம் மேலே. இக்னிசனை, அதாவது பொறி விழும் நேரத்தை, சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் எஞ்சின் உள்ளே "டக் டக்" என்று தட்டாமல் ஓடும். இன்றைய ஜப்பான் காரில் இதைச் செய்து பாரும், ஒழுங்கை முடியுமுன் நிற்கும்.

ரொறன்ரோ ரயர்:
நல்ல உதாரணம் எடுத்தீர்கள். அந்த ரைக்ரர் எரித்தது குசினி விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் அல்ல. ரைக்ரருக்கென்றே விற்ற தனி எரிபொருள் அது, ஒக்டேன் கூடியது, இலகுவில் தட்டாது. அதற்காக அழுத்தத்தைக் குறைத்து, உள்ளே போகும் கலவையைச் சூடாக்க வழி செய்துதான் அந்த எஞ்சினைக் கட்டினார்கள். உங்கள் ஏ40ஐ யாரும் அப்படிக் கட்டவில்லை. அத்தனை ஏற்பாடு இருந்த ரைக்ரரிலேயே ஒயில் நீர்ப்பது தெரிந்த விடயம். ஒயிலில் கலந்தது, ஐயா. கலந்தது.

கொக்குவில் பழசு:
கலக்கவில்லை.

பட்டறைப் பிள்ளை:
வணக்கம். நான் மருதனார்மடத்தில் கராஜ் வைத்திருப்பவன். இரண்டு பேரும் ஒயிலிலேயே நிற்கிறீர்கள். என்னிடம் வரும் பழைய பிக்கப்புகளில் முதலில் கெட்டிருப்பது றேடியேற்றர். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. அந்தத் தண்ணீரை வருடக் கணக்காக ஊற்றினால் குழாய்களின் உட்பக்கம் வெள்ளைப் படிவு கட்டி அடைத்துக்கொள்ளும். எஞ்சின் கொதித்து, அதன் மேல்மூடியான ஹெட் வளைந்த பிறகுதான் கொண்டுவருகிறார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் அங்கே தேய்மானப் படி விழுந்திருக்கிறது. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்ரன் போடலாம். அந்த எல்லையும் தாண்டியிருந்தால் உள்ளே ஒரு புதுக் குழாய், ஸ்லீவ், இறக்கலாம். எஞ்சினை எறியத் தேவையில்லை.

கொக்குவில் பழசு:
பார்த்தீரா? கராஜ்காரரே எறியத் தேவையில்லை என்கிறார்.

ரொறன்ரோ ரயர்:
பார்த்தீர்களா? கராஜ்காரரே தேய்மானம் என்கிறார்.

பட்டறைப் பிள்ளை:
நான் றேடியேற்றரைப் பற்றி...

கொக்குவில் பழசு:
இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன். இந்த எஞ்சின்களின் வால்வு இருக்கைகளைத் தின்றது மண்ணெண்ணெய் அல்ல, ஈயம் இல்லாத பெற்றோல். 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலை நிறுத்தினார்கள். அந்த ஈயந்தான் வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தைக் காத்தது. அது போனபின் இருக்கைகள் உள்வாங்கின, வால்வைத் தள்ளும் ரப்பெற்றின் இடைவெளி குறைந்தது, வால்வு எரிந்தது. பழியை மட்டும் மண்ணெண்ணெய் சுமக்கிறது! ஹெட்டைக் கழற்றிக் கடின இருக்கை பதித்தால் விடயம் முடிந்தது. எங்களுடையதில் பதித்தாயிற்று.

ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டச் சொன்னீரே, ஏ40 டெவன் வகையின் பிறேக் எப்படிப்பட்டது என்று தெரியுமா? முன்சில்லுக்கு ஒயில், பின்சில்லுக்குக் கம்பி. நாற்பது குதிரைக்கு அளவெடுத்துச் செய்த பிறேக். அதில் இரட்டிப்பு வலுவும் கூடுதல் பாரமும் உள்ள எஞ்சினை வைத்து ஏ9 வீதியில் ஓட்டினால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரொறன்ரோ ரயர்:
பிறேக்கையும் மாற்றுவதுதானே! நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஒயிலில் கலந்ததா, இல்லையா?

இன்னொன்று. நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி 1951 என்கிறீர்கள், இலக்கத் தகட்டில் "1 ஸ்ரீ" இருக்கிறது. ஸ்ரீ இலக்கங்கள் வந்தது 1957இல். ஆறு வருடம் வண்டி இலக்கம் இல்லாமலா ஓடியது? ஆண்டையே இப்படிச் சொல்பவர் ஒயிலைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது?

மானிப்பாய் மைனர்:
என்னுடைய மைனருக்கு ஆங்கில எழுத்து இலக்கம். ஸ்ரீக்கு முந்தியது. சொல்லி வைக்கிறேன்.

கொக்குவில் பழசு:
மைனர், உம்மை யாரும் கேட்கவில்லை.

ரயர் தம்பி, வண்டியின் பதிவுப் புத்தகத்தில் தயாரித்த ஆண்டு 1951 என்று இருக்கிறது. இடையில் வண்டி யாருடைய முற்றத்தில் நின்றது என்று எனக்கெப்படித் தெரியும்? அந்த ஸ்ரீ, சிங்கள எழுத்து என்று எதிர்த்து 1958இல் இங்கே தார்ப் பூச்சு வாங்கிய ஸ்ரீ. தகட்டின் ஓரத்தில் இப்போதும் கறுப்பு ஒட்டியிருக்கிறது. திருத்தி எடுத்தபோது பூச்சுக்காரரிடம் அதைச் சுரண்ட வேண்டாம் என்று சொல்லி விட்டு வைத்தோம். படத்தைப் பெரிதாக்கத் தெரிந்த உமக்கு அது மட்டும் தெரியவில்லை.

இணுவில் ஸ்பானர்:
தார் இருக்கட்டும். நிறம் யாருடைய யோசனை? அந்தக் காலத்து ஒஸ்ரின் பிக்கப் மினுமினுக்கும் ஆரஞ்சு நிறத்தில் வந்ததா? கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுவதற்காக அடித்த நிறம் அது.

கொக்குவில் பழசு:
ஸ்பானர் எங்கே?

இணுவில் ஸ்பானர்:
நான் வாங்கியதில் பாதி மெற்றிக் ஸ்பானர்கள். விற்வேர்த் தொகுதி என்று சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். முதலில் அதற்கு விளக்கம் சொல்லுங்கள்.

பட்டறைப் பிள்ளை:
ஒரு கேள்வி. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அதற்குப் பிறகும் யாராவது அதில் ஓட்டுகிறீர்களா? சிலர் பெற்றோலோடு கலந்து கொண்டுவருகிறார்கள், காபரேற்றர் கழுவி என் கை வெந்துவிட்டது.

ரொறன்ரோ ரயர்:
கேட்கிற ஆளைப் பார்த்துக் கேட்கிறீர்கள், தம்பி. ஐயாவின் வண்டியில் மண்ணெண்ணெய் எதிலும் கலக்காது. அது தனி ரகம்.

கொக்குவில் பழசு:
கிண்டல் செய்பவர்கள் செய்யட்டும். வாற தை மாதம் ஊருக்கு வருகிறீர் அல்லவா? வளவுக்கு வாரும். டிப்ஸ்ரிக்கை உமது கையால் உருவிப் பாரும்.

ரொறன்ரோ ரயர்:
வருவதற்கு முதல்நாள் ஒயில் மாற்றுவீர்கள். எனக்குத் தெரியாதா?

மானிப்பாய் மைனர்:
வரும்போது என் வண்டியையும் பார்க்கலாம். ஒழுங்கை முகப்பில்தான் நிற்கிறது.

கொக்குவில் பழசு:
தள்ளாமல் வெளிக்கிடுமா?