மிதக்கும் வட்டிப் பத்திரமா, தேசிய சேமிப்புப் பத்திரமா?

காவேரிப்பட்டினத்துக்கு அருகே மாந்தோப்பை விற்றதில் என் தாயாரின் பங்காக வந்த ஐந்து லட்சம் ரூபாயை எதில் போடுவது என்று முடிவெடுக்க முடியவில்லை. அவருக்கு வயது 58. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு வழியில்லை.

மீதம் இருப்பவை, ரிசர்வ் வங்கியின் ஏழாண்டு மிதக்கும் வட்டிப் பத்திரமும் (8.05 சதவீதம்) அஞ்சலகத்தின் ஐந்தாண்டு தேசிய சேமிப்புப் பத்திரமும் (7.7 சதவீதம்). முன்னதன் வட்டி, பின்னதன் அப்போதைய வட்டியுடன் 0.35 சேர்த்து ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் மாற்றியமைக்கப்படுகிறது. ஆகவே அஞ்சலக வட்டி 0.35க்கு மேல் இறங்கினால், இன்றே 7.7க்குப் போட்டவரைவிட மிதக்கும் பத்திரம் வைத்திருப்பவருக்குக் குறைவாகவே கிடைக்கும். 2020 ஜூலையில் அது 7.15 மட்டுமே தந்தது. ஆனால், 2025இல் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனின் வட்டி) 6.50இலிருந்து 5.25க்கு இறங்கியும் அஞ்சலக வட்டி அசையவில்லை என்பதுதான் என்னைக் குழப்புகிறது.

கிருஷ்ணகிரியில் வங்கிக் கிளையிலும் அஞ்சலகத்திலும் விசாரித்தேன். இன்றைய வட்டியைச் சொன்னார்களே தவிர, ஒப்பிடும் முறையை யாரும் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டதில், தேசிய சேமிப்புப் பத்திரத்தில் 10,000 ரூபாய் கூட்டுவட்டியுடன் முதிர்வில் ஏறத்தாழ 14,490 ஆகிறது. மிதக்கும் பத்திரமோ அரையாண்டுக்கு ஒருமுறை வட்டியைக் கையில் கொடுத்துவிடுவதால், கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. தாயாருக்கு வருமான வரி கிடையாது. பணமும் ஏழாண்டுக்குத் தேவைப்படாது.

அந்த அரையாண்டு வட்டியை மீண்டும் சேமிப்பில் போடுவதாகக் கொண்டால், ஏழாண்டுக்கும் சராசரியாக எத்தனை சதவீதம் என்று வைத்து இவ்விரண்டையும் ஒப்பிடுவது சரி?