பித்தநாளத்தில் கல்லோடு கூடை சிக்கிக்கொண்டது: அடுத்து எது?

குடல்நோய் மருத்துவ நண்பர்களுக்கு வணக்கம். நோயாளி 68 வயதுப் பெண்மணி. பொதுப் பித்தநாளத்தில் 17 மி.மீ. கல், நாளத்தின் கீழ்ப்பகுதி குறுகல். நேற்றுக் காலை ஈஆர்சிபி (எண்டோஸ்கோப்பை வாய்வழியே செலுத்திப் பித்தநாளத்தில் செய்யும் சிகிச்சை) செய்தபோது, டார்மியா கூடையில் (கல்லைப் பிடித்து இழுக்கும் கம்பிக் கருவி) பிடித்த கல் கூடையோடு பித்தநாளம் சிறுகுடலில் திறக்கும் வாயான ஆம்புல்லாவுக்குச் சற்று மேலே இறுகிக்கொண்டது. சாதாரண நான்கு கம்பிக் கூடை; கல்லை உடைக்கும் வசதி அதில் கிடையாது. பெரிய கல்லுக்கு இது உதவாது என்று சொன்னால் கொள்முதல் பிரிவு கேட்டால்தானே!

கூடையை மேலே தள்ளி விரித்துப் பார்த்தோம், கல் விடுபடவில்லை. ஸ்பிங்க்டெராட்டமி (நாள வாயின் தசையில் போடும்) வெட்டை நீட்டி, 12 மி.மீ. பலூனாலும் விரித்தோம். பிறகு கைப்பிடியை வெட்டி, எண்டோஸ்கோப்பை உருவிவிட்டு, அவசர லித்தோட்ரிப்டரின் (கல்லை நொறுக்கும் கருவி) உலோகக் குழலைக் கம்பியின் மேல் செலுத்தி முறுக்கினோம். கல் உடையவில்லை, கம்பிதான் அறுந்தது. அறுந்த முனை முன்சிறுகுடலில் நீட்டிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் நான்கு கம்பிகளும் கல்லைக் கவ்வியபடியே தெரிகின்றன.

பக்கத்தில் 7 பிரெஞ்சு அளவுள்ள பிளாஸ்டிக் ஸ்டென்ட் (வடிகுழாய்) வைத்திருக்கிறோம், பித்தம் வடிகிறது. இரவு 38.5 டிகிரி காய்ச்சல், ஆன்டிபயாடிக்கில் தணிந்துவிட்டது. பிலிருபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் ரத்த அளவு) 6.2இலிருந்து 4.8ஆகக் குறைந்திருக்கிறது. வயிற்றில் இறுக்கமில்லை, துளை விழுந்த அறிகுறியும் இல்லை. இதயம் பலவீனம் என்பதால் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருத்துவர் தயங்குகிறார்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கொலாஞ்சியோஸ்கோப் (பித்தநாளத்துக்குள்ளேயே செலுத்திப் பார்க்கும் மெல்லிய எண்டோஸ்கோப்) வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும். இப்படி அறுந்த கூடையை எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: முதலில் கொலாஞ்சியோஸ்கோப் வழியே லேசரா, உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையா?