பழைய லேபிள்களின் காலத்தைக் கணிக்க உதவி தேவை

வணக்கம். சிராங்கூன் சாலையில் மளிகைக்கடை நடத்திய எங்கள் தாத்தா சேர்த்துவைத்த ஊதுவத்தி, மசாலைத்தூள், தீப்பெட்டி லேபிள்கள் எவற்றிலும் ஆண்டு அச்சிடப்படவில்லை. முகவரியில் 'சிங்கப்பூர் 8' என்பதுபோல் வட்டார எண் மட்டும் உள்ளவை, நான்கு இலக்க அஞ்சல் குறியீடு வந்த 1979க்குப் பெரும்பாலும் முந்தியவை என்றும், ஆறு இலக்கம் உள்ளவை 1995க்குப் பிந்தியவை என்றும் பிரித்துவிட்டேன். முகவரியே இல்லாதவைதாம் சிக்கல்.

மயில் படம் போட்ட ஊதுவத்தி லேபிளை உருப்பெருக்கியில் பார்த்தால், ஆஃப்செட் அச்சுக்குரிய ஒழுங்கான புள்ளி வரிசை இல்லாமல், கையால் இட்டவை போன்ற சீரற்ற புள்ளிகளும், கோட்டைத் தாண்டிச் சற்றே விலகிப் பதிந்த சிவப்பும் தெரிவதால், கல்லில் வரைந்து அச்சிடும் பழைய முறையான கல்லச்சு (லித்தோகிராஃபி) என்றே நினைக்கிறேன் (அந்த மயில் கழுத்தின் நீலம் இன்றைய அச்சில் வராது என்பது என் பிடிவாதம்).

அச்சகத்தில் பணியாற்றிய பெரியவர்கள் யாரேனும், இத்தகையவை இங்கேயே அச்சானவையா, சிவகாசியிலிருந்து வந்தவையா என்று தாளையும் மையையும் கொண்டு அறியும் வழியைக் கூறினால் நன்றியுடையவனாவேன். கேட்போருக்கு இருபுறப் படங்களையும் அனுப்புகிறேன்.