புத்த பூர்ணிமா அன்று சோறு வேண்டாம் என்றான், ஏனுங்க?

காங்கயம் ரோட்டு அக்கா:
வணக்கமுங்க. திருப்பூரில் எங்களுக்கு ஆறு லைன் வீடு இருக்கிறது. கடைசி வீட்டில் திரிபுராவிலிருந்து வந்த சக்மா இனத்துப் பையன் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பௌத்தன் என்று தெரியும், அதற்கு மேல் கேட்டுக்கொண்டதில்லை.

சித்ரா பௌர்ணமி அன்று கம்பெனி லீவு. அவனுக்கு அன்று புத்த பூர்ணிமா. சாயங்காலம் அரிசிம்பருப்பு சோறு ஆக்கி, நெய் ஊற்றி, போசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பி, "அக்கா, இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல சாப்பிட மாட்டேன்" என்றான். கயிற்றுக் கட்டிலைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் பாய் விரித்திருந்தான். அலமாரியில் உள்ளங்கை அளவு புத்தர், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மெழுகுவர்த்தி.

எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. நம் கைச் சோறு வேண்டாம் என்கிறானோ என்று இரவெல்லாம் யோசனை. மற்ற நாளில் கோழிக் குழம்பே வைக்கிற பையன்தான். நம்ம சஷ்டி விரதம் மாதிரியா இது? நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?

கோபி தமிழாசிரியர்:
அம்மா, நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. அந்தத் தம்பி அன்றைக்கு எட்டு சீலம், அதாவது எட்டு ஒழுக்க நெறி, எடுத்திருக்கிறான்.

பௌத்தர் வீட்டில் எந்நாளும் உள்ளது ஐந்து, பஞ்சசீலம் என்பார்கள்: உயிரைக் கொல்லாமை, திருடாமை, தகாத உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதை தொடாமை. பௌர்ணமி போன்ற உபோசதம் என்னும் நோன்பு நாளில் விருப்பப்பட்டவர்கள் ஒரு பகல் ஓர் இரவுக்கு எட்டாகக் கூட்டிக்கொள்வார்கள். அன்று தகாத உறவு விலக்கு என்பது முழுப் பிரமச்சரியமாகிவிடும்; அதோடு மதியத்துக்கு மேல் உணவில்லை, ஆட்டம் பாட்டு அலங்காரம் இல்லை, உயரமான மெத்தையில் படுப்பதில்லை. கட்டிலை ஏன் சாய்த்து வைத்தான் என்று இப்போது தெரிகிறதல்லவா? துறவிகள் தினமும் இருப்பதை இல்லறத்தான் ஒரு நாள் இருந்து பார்க்கிறான். சாமியிடம் வரம் கேட்டு இருக்கும் விரதமல்ல இது.

கோழிக் குழம்புக்கு: தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவின் துறவிக்கே, தனக்கென்று கொன்றதாகப் பார்க்காத, கேட்காத, சந்தேகப்படாத இறைச்சி தடையில்லை. கொல்லாமைதான் சீலம்.

புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, பரிநிர்வாணம் அடைந்தது மூன்றும் அந்தப் பௌர்ணமியில்தான் என்பது தேரவாத மரபு. வடக்கத்தி வைசாக மாதக் கணக்கு என்பதால் நமக்குச் சில வருடம் சித்திரையிலேயே வந்துவிடும்.

ஆசனூர்க்காரன்:
திம்பம் மலைப்பாதையின் 27 வளைவும் ஏறி, எங்கள் ஊர் தாண்டி கொள்ளேகால் ரோட்டில் போனால் ஒடையார்பாளையத்தில் திபெத்தியர் குடியிருப்பு இருக்கிறது. கிழங்கு லோடு ஏற்ற அடிக்கடி போவேன். அங்கே தண்ணீர்க் கிண்ணமே ஏழு. இடமிருந்து வலமாக ஊற்றிக்கொண்டே போவார்கள். கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் ஒரு பார்லி மணி இடைவெளி. சாயங்காலம் வலமிருந்து எடுத்துக் கவிழ்ப்பார்கள். கோவிலுக்குள் புத்தர் பக்கத்தில் மீசை வைத்த குரு ரின்போச்சே, அதாவது பத்மசம்பவர். தம்பி வீட்டில் அதெல்லாம் இல்லையே, இரண்டும் ஒரே மதம்தானா ஐயா?

கோபி தமிழாசிரியர்:
ஒரே வேர், வேறு கிளை. சக்மாக்கள் இலங்கை, பர்மாக்காரர்களைப் போலத் தேரவாதம்; பாலி மொழி நூல்களே அவர்களுக்கு ஆதாரம். திபெத்தியர் மகாயானம், அதிலும் வஜ்ரயானம். எல்லா உயிரும் கரையேறும்வரை உழைப்பேன் என்று உறுதி எடுக்கும் போதிசத்துவர் அங்கே நடுநாயகம். பத்மசம்பவர் எட்டாம் நூற்றாண்டில் திபெத்துக்குப் போன குரு. துக்கம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, அது அடங்கும், அடக்க எட்டு அங்கமுள்ள வழி உண்டு என்ற நான்கு வாய்மை இருவருக்கும் பொது.

இதெல்லாம் நமக்கு அந்நியமும் இல்லை. பேதைமை, செய்கை, உணர்வு என்று தொடங்கி, ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் துக்கம் பிறக்கும் பன்னிரண்டு சார்புகளையும் மணிமேகலை நல்ல தமிழில் சொல்லிவிட்டது. அம்மா, உங்களுக்கு இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. அதில் அமுதசுரபி கோமுகிப் பொய்கையில் வெளிப்படுவது புத்தர் பிறந்த அந்த விசாக நாளில்தான். பசித்தவனுக்குச் சோறு போடுவதுதான் அந்தக் காவியம் முழுக்க. நீங்கள் போசியோடு போனது சரியான நாள்தான், நேரம்தான் தள்ளிப்போனது.

காங்கயம் ரோட்டு அக்கா:
படித்ததும் கண் கலங்கிவிட்டதுங்க ஐயா. இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அவனிடம் எட்டு சீலம் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விரல்விட்டு எட்டையும் சொன்னான். ஊரில் அவன் அம்மாவும் அன்றைக்கு இதே மாதிரிதான் இருப்பார்களாம். அடுத்த பௌர்ணமிக்கும் இருப்பானா என்று கேட்டேன், லீவு கிடைத்தால் இருப்பேன் என்றான். பதினோரு மணிக்கே சோறு வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.