மறுமொழி: போக்கர் ‘சிப்’ என்பதற்கு ‘வில்லை’

வணக்கம். போக்கர் சீட்டாட்டத்தில் வைத்து ஆடும் ‘சிப்’ என்ற வட்டத் துண்டுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> பணயக்காசு என்று வைத்துக்கொள்ளலாமே. ஆட்டத்தில் பணத்துக்குப் பதிலாக நிற்பது அதுதானே?

ரொக்கத்துக்கு ஆடும் ஆட்டத்தில் இது பொருந்தும். அங்கே 100 என்று அச்சிட்ட சிப் 100 பணத்துக்குச் சமம். ஆடுகிறவர் நடுவில் எழுந்தாலும், முன்னால் இருப்பதைக் கொடுத்துப் பணமாக வாங்கிக்கொண்டு போகலாம். டோர்னமென்ட்டில் அப்படி இல்லை. நுழைவுக் கட்டணம் 50 மட்டுமே கட்டியவருக்கும் 10,000 மதிப்புக்குச் சிப் கொடுப்பார்கள்: 25 எட்டு, 100 எட்டு, 500 நான்கு, 1,000 ஏழு. அது முழுக்கப் புள்ளிக் கணக்கு. பாதியில் பணமாக மாற்ற முடியாது. எத்தனையாவது இடத்தில் முடித்தார் என்பதை வைத்துத்தான் பரிசு. இதற்குக் ‘காசு’ என்று பெயர் வைத்தால், வீட்டில் முதன்முதலாக ஆடுகிறவர்களுக்குள் கட்டாயம் தகராறு வரும்.

ஆகவே பொருளுக்கு ஒரு பெயர், அதன் வேலைக்கு ஓர் அடைமொழி என்று பிரிக்கலாம். பொருள் வட்டமாக, தட்டையாக இருப்பது. வழக்கமான விட்டம் 39 மில்லிமீட்டர். இதற்கு வில்லை நன்றாகப் பொருந்துகிறது. கற்பூர வில்லை, தபால் வில்லை என்று ஏற்கெனவே புழங்கும் சொல்தான். ரொக்க ஆட்டத்தில் ரொக்க வில்லை, டோர்னமென்ட்டில் புள்ளி வில்லை.

> சில்லு ஏன் கூடாது? பாண்டி ஆடுவதே சில்லை வைத்துத்தானே?

எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கணினித் துறை அதை எடுத்துக்கொண்டுவிட்டது. இணைய வழிப் போக்கரைப் பற்றி எழுதும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் மோதும்.

‘ஸ்டாக்’ என்பதற்கும் ஒரே சொல் போதாது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது அடுக்கு. ஒருவரிடம் உள்ள மொத்தம் கையிருப்பு. பெரிய மதிப்பு வில்லைகளை அடுக்கின் பின்னால் மறைக்கக் கூடாது, எதிராளி கையிருப்பைப் பார்த்துத்தான் பந்தயம் வைப்பார் என்ற விதியை எழுதிப் பாருங்கள், இரண்டு சொல்லும் தேவைப்படும்.

அப்புறம், டோர்னமென்ட்டில் பந்தயத் தொகைகள் ஏறியபின் 25 மதிப்பு வில்லைக்கு வேலை இருக்காது. அவற்றை வாங்கிக்கொண்டு பெரிய வில்லை கொடுப்பதைச் சில்லறை நீக்கம் எனலாம். நூறாக்க முடியாமல் மிஞ்சுவதற்கு ஒரு முறை உண்டு. மூன்று பேரிடம் 3, 3, 2 என்று எட்டு வில்லை மிஞ்சியிருந்தால் மொத்தம் 200. வில்லைக்கு ஒரு சீட்டாகப் போட்டு, உயர்ந்த சீட்டு வந்த இருவருக்கு ஆளுக்கு ஒரு நூறு தருவார்கள். ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. இந்தச் சுற்றில் யாரும் ஆட்டத்தைவிட்டு வெளியேறவும் கூடாது. கையிருப்பே தீர்ந்துபோகிறவருக்கு ஒரு வில்லை கொடுத்தாக வேண்டும். சீட்டு போட்டுப் பிரிப்பது நம் பேச்சிலேயே இருப்பதால் மிச்சச் சீட்டு என்ற பெயரை முன்வைக்கிறேன்.

விதிப்புத்தகத்தில் வைத்துப் பார்த்தால்: “இடைவேளையில் 25 மதிப்புப் புள்ளி வில்லைகளுக்குச் சில்லறை நீக்கம் நடக்கும், மீதி மிச்சச் சீட்டில் பிரிக்கப்படும்.” தடங்கலில்லாமல் படிக்க முடிகிறது. வேறு சொல் தருகிறவர்கள் இதே வாக்கியத்தில் அதைப் பொருத்தி எழுதுங்கள், ஒப்பிட வசதியாக இருக்கும்.